காய்ச்சல் விட்ட பிறகு ஏன் ஆஸ்பத்திரி?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. மழை தொடங்கிய சமயத்தில் என் மகனுக்கு (9 வயது) நல்ல காய்ச்சல். முதல் நாள் பார்த்த டாக்டர் பாராசிட்டமால் மட்டும் தந்தார். ஊசியும் போடவில்லை, ஆன்டிபயாடிக்கும் எழுதவில்லை. மூன்றாம் நாள் நாங்களே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். டெங்கு ஐஜிஎம் நெகட்டிவ் என்றார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குப் பிறகுதான் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் போட்டார்கள். ஏழாம் நாள் எடுத்த ரத்தத்தில் டெங்கு பாசிட்டிவ். முதல் லேப் எங்களை ஏமாற்றிவிட்டதா? அதே வாரம் கணவருக்கு இரண்டு நாள் மேல்வலியும் காய்ச்சலும். எனக்கு ஒன்றுமில்லை. மாமியார் காய்ச்சலே இல்லாமல் சோர்ந்து படுத்துவிட்டார். மகனுக்கு மட்டும் எதிர்ப்பு சக்தி குறைவா? மார்த்தாண்டத்தில் தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்பு சக்தி பவுடர் விற்கிறார். மாதம் 1,800 ரூபாய். வாங்கலாமா? மகன் இப்போது நன்றாக இருக்கிறான்.
– பெயர் வேண்டாம், குலசேகரம்

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் நன்றாக இருக்கிறான் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் வைத்துவிட்டீர்கள். அதுவரை கொஞ்சம் பதற்றமாகத்தான் படித்தேன்.

லேப் ஏமாற்றவில்லை. அந்தப் பரிசோதனையை அந்த நாளில் செய்தது மட்டும்தான் கோளாறு. நீங்கள் கேட்ட மற்றவையும் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் போய் நிற்கின்றன. எந்த நாளில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கொசு கடித்த அன்றே டெங்குக் காய்ச்சல் வராது. 4 முதல் 10 நாள் வரை ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் சும்மா இருப்பதில்லை. வைரஸால் தனியாகப் பெருக முடியாது. நம்முடைய செல் ஒன்றுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் சாமான்களைக் கொண்டே தன்னை நகலெடுத்துக்கொள்ளும். டெங்கு முதலில் பிடிப்பது தோலிலும் ரத்தத்திலும் இருக்கும் சில வகை வெள்ளணுக்களை. நம்மைக் காக்க வேண்டிய செல்களுக்குள்ளேயே குடியேறும் கெட்டிக்காரத்தனம் அதற்கு உண்டு.

அதை முதலில் கண்டுபிடிப்பது தனியாக ஒரு காவல் உறுப்பு அல்ல. வைரஸ் புகுந்த அந்தச் செல்லேதான். டெங்குவின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அதை நகலெடுக்கும்போது இரண்டு இழையாகப் பின்னிய நீளமான ஆர்.என்.ஏ உண்டாகும். ஆரோக்கியமான செல்லின் உள்திரவத்தில் அப்படி ஒன்று பொதுவாகக் கிடப்பதில்லை. நம்முடைய சொந்த ஆர்.என்.ஏ-வின் முனையில் ஒரு மூடியும் இருக்கும். மூடியில்லாத முனையையும் இரட்டை இழையையும் தேடிக்கொண்டே இருக்கும் புரதங்கள் செல்லுக்குள் உண்டு. ரிக்-ஐ என்பது அதில் ஒன்று. டோல் போன்ற ஏற்பிகள் என்று இன்னொரு கூட்டம், செல் விழுங்கும் பைகளுக்குள் இதே வேலையைச் செய்கிறது. இவை வந்திருப்பது டெங்குவா சிக்குன்குனியாவா என்று பெயர் சொல்லாது. ‘இது நம்முடையது அல்ல’ என்பது வரைக்கும்தான் அவற்றுக்குத் தெரியும். ஆனால் அதைச் சில மணி நேரத்திலேயே சொல்லிவிடும்.

சொன்னதும் அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடுகிறது. 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் இதைக் கண்டறிந்தார்கள். சூட்டில் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் விட்டார்கள். அந்தச் சவ்விலிருந்து கசிந்த ஏதோ ஒன்று, வேறு சவ்வில் உயிருள்ள வைரஸ் பெருகுவதைத் தடுத்தது. அதுதான் இன்டர்ஃபெரான். அது பட்ட பக்கத்துச் செல்கள் புரத உற்பத்தியைக் குறைக்கத் தயாராகின்றன, வைரஸ் வந்தால் அதன் ஆர்.என்.ஏ-வை வெட்டுவதற்கான நொதிகளையும் செய்து வைக்கின்றன. டெங்குவும் லேசுப்பட்டதல்ல. இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தையே அழிக்க வைக்கிற ஒரு புரதம் அதனிடம் இருக்கிறது. உங்கள் மகன் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே இத்தனையும் நடந்திருக்கும்.

அப்புறம்தான் காய்ச்சல். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மேல்வலி, குளிர், தலைவலி எல்லாம் பெரும்பாலும் வைரஸ் நேராகச் செய்கிற வேலை அல்ல, நம் உடம்பு விடுகிற பொருட்களின் வேலை. முன்பு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டு வந்தோம். போட்ட அன்று அவர்கள் ஃப்ளூ வந்தவர்கள் மாதிரிப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்கள். புதிதாக எந்தத் தொற்றும் இல்லை, ஊசியில் இருந்த பொருள் அப்படிப் படுக்க வைத்தது. காய்ச்சலும் அப்படியே. வெள்ளணுக்கள் விடும் சில புரதங்கள் மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கூட்டுகின்றன. உடம்பின் சூட்டு அளவு அங்கே ஏற்றி வைக்கப்படுகிறது. பாராசிட்டமால் அந்தப் பொருளைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வைரஸை அது தொடுவதில்லை.

ஆகவே உங்கள் முதல் டாக்டர் செய்தது சரி. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் செல்சுவரையோ அதன் புரத உற்பத்தியையோ குறிவைப்பது. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தமாகப் புரதம் செய்யும் வசதியும் கிடையாது. ஊசி போடாதது அதைவிட நல்லது. மேல்வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், அப்புறம் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், இவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். நம் பக்கத்தில் ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. உங்கள் டாக்டர் அந்தப் பெயருக்குப் பயப்படவில்லை.

இனி மூன்றாம் நாளுக்கு வருவோம். உடம்பு இதுவரை செய்ததெல்லாம் எந்த வைரஸுக்கும் பொதுவான ஏற்பாடு. இந்த வைரஸுக்கென்றே ஆன ஏற்பாடு நிணநீர் முடிச்சுகளில் தொடங்குகிறது, கழுத்திலும் அக்குளிலும் ‘நெறி கட்டியிருக்கு’ என்று தடவிப் பார்ப்போமே, அங்கே. டென்ட்ரிடிக் செல் என்ற வெள்ளணு வைரஸின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அங்கே வருகிறது. முடிச்சுக்குள் டி செல், பி செல் என்ற இரண்டு வகை வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும். டெங்குவின் ஒரு துண்டுக்குப் பொருந்துவது லட்சத்தில் ஒன்றோ, அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். அது அந்தத் துண்டைச் சந்திக்க வேண்டும், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். எந்தப் பவுடரும் இதை இரண்டு நாளில் முடித்துத் தராது.

இப்படிப் பெருகிய பி செல்கள்தான், வைரஸின் மேல் ஒட்டி அதை முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்கின்றன. முதலில் வருவது ஐஜிஎம், பிறகு ஐஜிஜி. டெங்குவில் ஐஜிஎம் காய்ச்சலின் நாலாம், ஐந்தாம் நாள் வாக்கில்தான் ரத்தத்தில் தலைகாட்டத் தொடங்கும். மூன்றாம் நாள் லேப் தேடிய பொருளை உங்கள் மகனின் உடம்பு இன்னும் செய்து முடித்திருக்கவில்லை. நெகட்டிவ் என்று வராமல் வேறெப்படி வரும்? அந்த நாளில் கேட்டிருக்க வேண்டியது என்எஸ்1 பரிசோதனை. அது நம் ஆன்டிபாடியைத் தேடாது, வைரஸின் புரதத்தையே நேராகத் தேடும். முதல் ஐந்து நாளில் அதுதான் பயன்படும். ஆறாம் ஏழாம் நாளில் ஐஜிஎம். டாக்டர் சீட்டு இல்லாமல் லேபுக்குப் போய் ‘டெங்கு பாருங்க’ என்று கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான். எதை, எந்த நாளில் பார்ப்பது என்று முடிவு செய்ய அங்கே ஆள் இருக்காது.

டி செல்களில் ஒரு வகை, தொற்றிய செல்லையே கொல்லும். வைரஸ் செல்லுக்குள் ஒளிந்திருக்க, வெளியே உள்ள டி செல்லுக்கு எப்படித் தெரியும்? குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். வள்ளத்துக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூடையில் கொண்டுவந்து மணலில் கொட்டுகிற மீனைப் பார்த்தே உள்ளே இருப்பது சாளையா நெத்தலியா என்று சொல்லிவிடுவார்கள். நம் செல்களும் உள்ளே தயாராகும் புரதங்களிலிருந்து சிறு சிறு துண்டுகளை எடுத்து மேற்பரப்பில் ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் அதைப் பார்க்கும். நம் சொந்தத் துண்டாக இருந்தால் விட்டுவிடும், டெங்குவின் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லை முடித்துவிடும். காட்டினால்தானே வம்பு என்று, சில வைரஸ்கள் கூடையையே வெளியே வராமல் தடுத்துவிடும். அதற்கும் ஆள் இருக்கிறது. இயற்கைக் கொல்லிச் செல்கள் என்ற வகை, கூடை காட்டாத செல்லைத்தான் சந்தேகப்படும். டி செல் இப்படித்தான் பார்க்கிறது என்று 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் எலிகளில் காட்டினார்கள். 1996-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போது உங்களை அதிகம் பயமுறுத்திய ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டது, வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டிருப்பீர்கள். டெங்குவில் டாக்டர்கள் உஷாராவது அப்போதுதான். ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், ஆனால் உடம்பின் எதிர்வினை உச்சத்தில் இருக்கும். அந்தக் கலவரத்தில் வெளியாகும் பொருட்களாலும், வைரஸின் என்எஸ்1 புரதத்தாலும், மெல்லிய ரத்தக்குழாய்களின் உள்பூச்சு தளர்ந்துவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும். வயிற்றுவலியும் வாந்தியும் அந்தச் சமயத்தின் அடையாளங்கள். குழாய்க்குள் நீர் குறைந்தால் ரத்த அழுத்தம் விழும், பெரிய ஆபத்து அதுதான். டிரிப்ஸ் போட்டது இதற்காக.

வார்டில் பிள்ளையோடு இருக்கிற எல்லோரும் ‘பிளேட்லெட் எத்தனை?’ என்றுதான் கேட்பார்கள். டாக்டர் அதையும் பார்ப்பார், ஆனால் அதே தாளில் ஹெமட்டோகிரிட் என்று இன்னொரு எண் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது. நீர் கசியக் கசிய ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். பிளேட்லெட் இறங்குவதும் இது ஏறுவதும் சேர்ந்து நடந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிறகு வெளியே போன நீர் தானாகக் குழாய்க்குத் திரும்பும். அப்போது டிரிப்ஸைக் குறைக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ‘பிள்ளை இன்னும் சோர்வாக இருக்கிறானே, ஏன் டிரிப்ஸை நிறுத்திவிட்டார்கள்’ என்று நர்ஸிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நீங்கள் போட்டீர்களா என்று கேட்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருத்த மலம், கைகால் சில்லிடுவது, மூத்திரம் குறைவது, பிள்ளை தூங்கி வழிவது அல்லது காரணமில்லாமல் நச்சரிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். நீங்கள் அப்படிக் கிளம்பியிருக்கிறீர்கள். மகனைக் காப்பாற்றியதில் அது பெரிய பங்கு.

இதைப் படித்தபின் அந்த ‘எதிர்ப்பு சக்தி குறைவா’ என்ற கேள்வியை நீங்களே வேறு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மகனைப் படுக்க வைத்தது குறைவான எதிர்ப்பு அல்ல. டெங்குவில் நாலு வகை வைரஸ் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நெடுநாள் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்குச் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு வேறு வகை வந்தால், பழைய ஆன்டிபாடி அதன் மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவது சில வெள்ளணுக்களின் பழக்கம். அப்படி விழுங்கும்போது வைரஸையும் உள்ளே கூட்டிப்போய்விடும். டெங்கு பெருகுவதே அந்தச் செல்களில்தான் என்பதை முன்னால் சொன்னேன் அல்லவா? இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் மகனுக்கு முன்பே ஒருமுறை தெரியாமல் வந்து போயிருக்கலாம். முதல் முறையிலேயே கடுமையாவதும் உண்டு, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் வராது என்று பெரியவர்கள் சொல்வது தட்டம்மைக்குப் பொருந்தும். அதில் ஒரு பழைய கதை எனக்குப் பிடிக்கும். வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் என்று மீன்பிடித்து வாழும் சிறு தீவுகள் இருக்கின்றன. 1781-இல் அங்கே தட்டம்மை வந்தது. பிறகு 65 வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் மறுபடி வந்து தீவுகளில் பெரும்பாலானவர்களைப் படுக்க வைத்தது. டென்மார்க்கிலிருந்து போன பீட்டர் பானம் என்ற இளம் டாக்டர் வீடு வீடாக விசாரித்தார். 1781-இல் குழந்தையாக அம்மை கண்டு பிழைத்த கிழவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வந்ததாக அவர் பார்க்கவில்லை. இடையில் அந்த வைரஸைச் சந்திக்காமலேயே 65 வருடம், ஒருமுறை வந்த வைரஸை அடையாளம் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் காத்திருந்திருக்கின்றன. தட்டம்மை வைரஸ் அவ்வளவாக மாறாது, அதனால் அந்த நினைவு அப்படியே உதவுகிறது. ஃப்ளூ வருஷா வருஷம் வேஷம் மாற்றும். டெங்கு நாலு வகையாக வரும். சளிக் காய்ச்சல் தரும் ரைனோ வைரஸில் நூற்றுக்கு மேல் வகை உண்டு, அதனால்தான் பள்ளிக்கூடம் திறந்ததும் மூக்கு ஒழுகத் தொடங்குகிறது.

வீட்டில் மற்றவர்கள் விஷயம். டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது, அல்லது லேசாக இருக்கும். உங்களுக்கும் வந்து போயிருக்கலாம், தெரிந்திருக்காது. கணவருடைய இரண்டு நாள் மேல்வலி டெங்குவாகவும் இருக்கலாம், மழைக்கால வேறு காய்ச்சலாகவும் இருக்கலாம். மாமியார்தான் எனக்குக் கவலை. வயதாக ஆகச் சூடு ஏறும் எதிர்வினையே மந்தமாகிவிடும். உள்ளே தொற்று இருந்தும் தெர்மாமீட்டர் சாதாரணமாகக் காட்டும். வயதானவர் திடீரென்று சாப்பாட்டை வெறுத்தால், தடுமாறினால், பேச்சு குழம்பினால், அதையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவரை இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை வெள்ளணுக்களின் வேலையை நிஜமாகவே கெடுக்கும்.

பவுடர் வாங்க வேண்டாம். இவ்வளவு எழுதியது பாதி இதற்காகத்தான். ‘கூட்டு’ என்று சொன்னதும் கூடுகிற ஒரே பொருள் அல்ல எதிர்ப்பு. அதில் முடுக்குகிற செல்லும் உண்டு, அடக்குகிற செல்லும் உண்டு. அடக்குகிற டி செல்கள் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-ஆம் வருட மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. டப்பாவில் ‘கூட்டும்’ என்று போட்டிருப்பவர் இதில் எதைக் கூட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த 1,800 ரூபாய்க்கு முட்டை, பயறு, சாளை வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் புரதம் கிடைக்கும். சத்துக்குறைவு இருக்கிற பிள்ளைக்கு எதிர்ப்பு குறைவது உண்மை, அதைச் சாப்பாடுதான் சரி செய்யும். நிலவேம்புக் குடிநீர் குடித்தால் நான் குறை சொல்வதில்லை, அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் சொல்வேன். பப்பாளி இலைச்சாறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அதைப் புகட்டாதீர்கள். உப்பு போட்ட கஞ்சித்தண்ணீர், இளநீர், ஓ.ஆர்.எஸ் போதும்.

எதிர்ப்புக்கு முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுக்கிற ஒரே வழி தடுப்பூசி. டெங்குவுக்கு நம் நாட்டு அட்டவணையில் இன்னும் தடுப்பூசி இல்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசி இருக்கிறது, 9 மாதம் முடிந்து ஒன்று, 16 மாதத்துக்கு மேல் இன்னொன்று. மகனுக்கு இரண்டும் போட்டாகிவிட்டதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை வந்தால் அது மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்துவைத்த ஆன்டிபாடிகளிலும் ஒரு பகுதியை அழித்துவிட்டுப் போகும் என்பது 2019-இல் வந்த ஆய்வில் உறுதியானது.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். மழையில் பால்வெட்டு நிற்கிற நாட்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதில் தேங்கும் இரண்டு விரல் தண்ணீர் போதும், வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். அது பகலில் கடிக்கும் கொசு, அதனால் ராத்திரிக் கொசுவலை மட்டும் போதாது. தோட்டத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடட்டும்.

கடைசியாக, இரண்டு லேப் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் தாளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். தாளின் மேல் ‘டெங்கு’ என்றும் மாதம், வருடமும் எழுதுங்கள். அடுத்த மழையில் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே அந்த உறையை டாக்டரிடம் கொடுத்து, முன்பே ஒருமுறை டெங்கு வந்த பிள்ளை என்று சொல்லுங்கள்.